முட்டியில் கோத்த நீர்

எண்பத்து நான்காம் வருடம் கார்த்திகையில் சென்னம்மாளின் வலது முட்டி வீங்கியது. காப்பிப் பழம் சிவந்து நின்ற நேரம். ஏற்காடு மலையில் கொட்டச்சேட்டுக்கு மேலே இருந்த எஸ்டேட்டில் இருபத்தாறு வருடமாகப் பழம் பறிப்பவள். சரிவில் அவள் ஏறினால் ஆடு தோற்கும் என்பார்கள். அப்படிப்பட்டவள் இப்போது செடிக்குச் செடி நின்று மூச்சு வாங்கினாள். முடக்கத்தான் கீரை, உப்பு ஒத்தடம், வேப்பெண்ணெய் எல்லாம் பார்த்தாயிற்று. எதற்கும் வலி மசியவில்லை.

ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் கவனித்துவிட்டார். "ஏற முடியாட்டிப் பேரை எடுத்தரலாமுங்கம்மா," என்றார். பொல்லாதவர் இல்லை, எஸ்டேட் வழக்கத்தைச் சொன்னார். பேர் போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போய்விடும். புருஷன் செத்து ஒன்பது வருடம் ஆகிறது. தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் காவேரி அந்த ஒற்றை அறையில்தான் இருந்தாள், தையில் நாள். பிள்ளைத்தாய்ச்சியை எந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது? 

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் தொற்றிக்கொண்டு ஏற்காடு பஜாருக்குப் போனாள். டாக்டர் இரண்டு கட்டைவிரலாலும் முட்டியை அமுக்கிப் பார்த்தார்.

"நீர் கோத்திருக்கும்மா. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டுட்டு இந்த மாத்திரையைப் போடு. பத்து நாள் கழிச்சு வா. நீர் வத்தலைன்னா ஊசி குத்தித்தான் எடுக்கணும்."

"முட்டிக்குள்ளயுங்களா ஊசி?"

"பின்னே காதுலயா?" என்றார் டாக்டர். வெளியே இன்னும் இருபது பேர் காத்திருந்தார்கள்.

வழியெல்லாம் அவளுக்கு அந்த ஊசி நினைப்புதான். நீர் நிற்கிற இடத்தை வற்ற வைக்க டாக்டர் எதற்கு? காப்பிச் செடியின் வேரில் தண்ணீர் நின்றால் மேலேயிருந்து வருகிற வாய்க்காலை அடைக்க வேண்டும், கீழே தானாக வற்றும். மழைக்கு மழை மண்வெட்டி பிடித்து அதைச் செய்தவள் அவள். உடம்புக்கு மேல்வாய்க்கால் வாய்தானே!

பாவி, அடைத்தே விட்டாள். மாத்திரைக்கு ஒரு மடக்கு, அதற்கு மேல் தண்ணீர் கிடையாது. மோரையும் ரசத்தையும் தள்ளி வைத்தாள். டீத்தண்ணி வாளி சரிவுக்கு வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உதடெல்லாம் வெடிச்சுக் கெடக்குது, ஒரு வாய் குடியம்மா," என்று காவேரி சொம்பை நீட்டுவாள்.

"நீ குடி கண்ணு. எனக்கு இருக்கற தண்ணியே இன்னும் வத்தோணும்."

ஐந்தாம் நாள் வீக்கம் வடிந்தது. மாத்திரை செய்த வேலை அது. பெருமை முழுவதையும் அவள் வாய்க்காலுக்கே கொடுத்தாள். டாக்டரிடம் திரும்பப் போகவில்லை. போனால் ஊசியை எடுத்துவிட்டால்? மருந்துக்கடையில் காலி மாத்திரை அட்டையைக் காட்டி இன்னும் மூன்று வாரத்துக்கு வாங்கிக்கொண்டாள். கடைக்காரரும் எதற்கு என்று கேட்கவில்லை.

மறுபடியும் எல்லாருக்கும் முன்னால் சரிவில் ஏறினாள். பகலில் புதர் மறைவைத் தேடி ஒதுங்கும் வேலைகூட இல்லாமல் போனது. அட்டைக்கும் பாம்புக்கும் பயந்து ஒதுங்குகிற பெண்களுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று. காலையில் முகம் உப்பி, கண் இடுங்கி எழுந்தாள். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு வீராயி, "ஏனக்கா, நல்லா சதை போட்டுட்டீங்க! மக வந்த பூரிப்புங்களா?" என்றாள். அந்த வயதிலும் சென்னம்மாளுக்கு வெட்கம் வந்தது.

மார்கழி பிறந்ததும் இரண்டு பாதமும் வீங்கின. விரலால் அமுக்கினால் விழுந்த குழி எழும்பவில்லை. காவேரி மிரண்டு போனாள்.

"டாக்டருகிட்டப் போலாம்மா. எனக்கு நொம்ப பயமா இருக்குது."

"அட சாமி, முட்டியில நின்ன நீரு பாதத்துக்கு எறங்கிருச்சு. இனி வெளிய போக வேண்டியதுதான்."

அன்றோடு கஞ்சியையும் நிறுத்தினாள். நிறுத்தாவிட்டாலும் இறங்கியிருக்காது. எதை வாயில் வைத்தாலும் குமட்டியது. நின்ற இடத்தில் கண் சொருகியது.

நான்காம் நாள் காலை காவேரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய், எஸ்டேட் கம்பவுண்டர் பாக்கியநாதனைக் கையோடு அழைத்து வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தார், பாதத்தை அமுக்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்கம்மா, நீர் போகுதுங்களா?"

சென்னம்மாளின் உப்பிய முகம் மலர்ந்தது. விஷயம் தெரிந்த ஒரு ஆள் கடைசியில் வந்துவிட்டார்!

"போயிருச்சுங்க. முட்டியில சுத்தமா வத்திருச்சுங்க."

"அதில்லீங்க. ஒண்ணுக்குப் போறீங்களா?"

"அதுவும்தான் நின்னுருச்சுங்க, ரெண்டு நாளா ஒரு சொட்டு இல்லீங்க. தண்ணி குடிச்சாத்தானுங்களே வரும்? குடிச்சு ஒரு மாசமாச்சுங்க," என்றாள், சாமர்த்தியத்தைச் சொல்லிக்காட்டுகிற குரலில்.

பாக்கியநாதன் தலைமாட்டில் கிடந்த காலி மாத்திரை அட்டைகளை எடுத்து எண்ணிப் பார்த்தார். வாசலுக்குப் போய், ஜீப்பைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினார். சேலம் பெரியாஸ்பத்திரிக்கு, இப்போதே, என்றார். காவேரி சுவரைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"எதுக்குக் கண்ணு அழுவற? நம்ம ஊடு எங்கயும் போகாது," என்றாள் சென்னம்மாள்.

தூக்க வந்த இரண்டு ஆட்களையும் விலக்கினாள். லைனிலிருந்து ரோட்டுக்கு முப்பது படி. கீழே ஜீப்புக்குப் பக்கத்தில் ரைட்டர் நின்றிருந்தார். அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று, யாரையும் பிடிக்காமல் ஒவ்வொரு படியாக இறங்கினாள். முட்டி கொஞ்சம்கூட வலிக்கவில்லை.