கீத் ஆலர்டைஸ் உட்கார்ந்த நாற்காலி

எங்கள் பார்ன்ஸ்லி ஊர் முதியோர் குழுவின் பஸ்ஸை கீத் ஆலர்டைஸ் ஒன்பது வருஷமாக ஓட்டினார். வியாழக்கிழமைதோறும் ஏதாவது ஒரு பழைய பிரபு மாளிகை. நாங்கள் உள்ளே போய்ப் படுக்கைகளையும் ஓவியங்களையும் பார்த்துவிட்டுத் தோட்டத்தைச் சுற்றி வருவோம். அவர் பஸ்ஸிலேயே இருப்பார். கூப்பிட்டால், "வேற யாரோ தூங்கின கட்டில நான் ஏன் பாக்கணும்?" என்று சிரிப்பார்.

அந்த மார்ச்சில் அவர் மனைவி லொரெய்ன் இறந்துபோனாள். காலையில் தேநீர் போட எழுந்தவள் சமையலறையிலேயே விழுந்துவிட்டாள். அடக்கம் முடிந்த மறுவாரமே கீத் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஒவ்வொருவராகப் படியேறும்போது ஆறுதலாக ஏதோ முணுமுணுத்தோம். எல்லோருக்கும் ஒரே பதில்தான். "பரவாயில்லைங்க. பெல்ட்ட போட்டுக்குங்க." அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. கோபம் இருந்திருந்தால்கூட எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏப்ரலில் வின்ஸ்கில் மாளிகைக்குப் போனோம். பனியும் மழையும் கலந்து கொட்டிற்று. பஸ்ஸின் ஹீட்டர் வழியிலேயே நின்றுவிட்டது. எங்கள் கூட்டத்தில் யாருக்கும் அடங்காதவள் மியூரியல். அவள் இறங்காமல் ஓட்டுநர் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

"உள்ள வா கண்ணு. ஐவிக்கு இருமல், அவ வரல. அவ டிக்கெட் சும்மாதான் கெடக்கு."

"நான் இங்கயே இருக்கேன் மியூரியல்."

"இங்க வெறச்சுப் போயிட்டேன்னா யாரு வண்டி ஓட்டுறது? எனக்கு லைசென்ஸ் கெடயாது. எறங்கு."

இறங்கினார். வாதாடுவதைவிட இறங்குவது சுலபமாக இருந்திருக்கும்.

ஒவ்வோர் அறையிலும் எங்கள் பின்னால் நின்றார். நாங்கள் மேலே பார்த்தபோது மேலே பார்த்தார், நகர்ந்தபோது நகர்ந்தார். விருந்தறையில் நீண்ட மேஜை மீது தட்டு, கோப்பை, வெள்ளிக் கரண்டி, மெழுகால் செய்த பேரிக்காய் எல்லாம் அடுக்கியிருந்தது. யாரும் உட்கார்ந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு காய்ந்த முட்பூவை வைத்திருந்தார்கள். யாரும் நெருங்காமல் இருக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம்தான் மேஜை. அறைக்குக் காவலாக இருந்த ஹில்டா கிராஸ்லி என்ற அம்மாள் எங்களுக்குக் கூரைச் சித்திரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

கட்டை கிறீச்சிடும் சத்தம் கேட்டது. திரும்பினோம். கீத் கயிற்றைத் தாண்டிப் போய், ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டும் மடியில்.

"ஐயா! எந்திரிங்க! முன்னூறு வருஷத்து நாற்காலி அது!"

அவர் அசையவில்லை. மியூரியல் ஓடிப்போய்த் தோளைத் தொட்டாள்.

"கீத், முள்ளு மேல உக்காந்திருக்க. குத்தலையா?"

கொஞ்சம் யோசித்தார். "தெரியல. மேஜையில தட்டு வெச்சிருந்துச்சு. உக்காந்துட்டேன்."

எங்களில் யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேராக அவரைத் தூக்கி நிறுத்தினோம். முட்பூ நசுங்கி, பாதி அவர் கால்சட்டையில் ஒட்டியிருந்தது. ஹில்டா அம்மாள் குனிந்து, ஒரு தாய் செய்வதுபோல, முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பிறகு நாற்காலிக் கால்களைத் தடவிப் பார்த்து, "ஒண்ணும் ஆகல. நீங்க போய்ச் சூடா எதாவது குடிங்க" என்றார்.

சாப்பாட்டுக் கடைக்கு மதில் சூழ்ந்த தோட்டம் வழியாகத்தான் போகவேண்டும். பேரி மரங்களைச் சுவரோடு சுவராக, கைகளை விரித்தாற்போல் கம்பியில் கட்டியிருந்தார்கள்.

"என் ரெண்டாவது புருஷனயும் இப்படிக் கட்டிப் போட்டிருந்தா ஓடியிருக்க மாட்டான்" என்றாள் மியூரியல். வேறு நாளாக இருந்தால் கீத் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். அன்று மரத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

சூப் வந்தது. பாதிக் கிண்ணம் காலியான பிறகு, கரண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவ போனதுலேருந்து நின்னுக்கிட்டேதான் சாப்புடுறேன். அடுப்புக்குப் பக்கத்துலயே. மேஜையில ஒக்கார முடியல."

மியூரியல் ரொட்டியை அவர் பக்கம் தள்ளினாள். "திங்கக்கிழம எங்க வீட்டுக்கு வந்துடு. பட்டாணி சூப்புதான், பெருசா ஒண்ணும் எதிர்பாக்காத" என்றாள்.

போனார். அதற்கடுத்த திங்களும் போனார். பேசமாட்டாராம். உட்கார்ந்து சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார், தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அழுதாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது; யாரும் பார்த்ததில்லை. வியாழக்கிழமைகளில் எங்களோடு தோட்டம் வரைக்கும் வந்தார். மாளிகைக்குள் வரவில்லை.

ஆகஸ்டில் ஒரு காலை மியூரியல் பஸ்ஸில் ஏறியதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காதோடு சொன்னாள்.

"திங்கக்கிழம என்ன சொன்னான் தெரியுமா? சூப்புல உப்பு பத்தலையாம்."

அவள் கண் கலங்கியிருந்தது.