உச்சிக்குழி வைத்த பொம்மை

காகிதக் கூழில் பொம்மைத் தலை செய்யக் கற்றுக்கொண்டபோது எனக்கு நாற்பத்து நான்கு வயது. குமுளிக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக இருந்தேன். மாலையில் டைரி எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. அன்று மழை பெய்ததா, யார் யார் வந்தார்கள், என்ன மருந்து கொடுத்தேன், என்ன பத்தியம் சொன்னேன் என்பது எல்லாம் அதில் இருக்கும். அந்த டைரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். பயிற்சிக்கு முந்தைய ஆண்டு, ஆடி மழையில் எழுதியது. "மேல் லயத்து ஆயாவின் பெண் குழந்தை. பதினோரு மாதம். விடிந்ததிலிருந்து பேதி. மருந்து கொடுத்தேன். தண்ணீரும் பாலும் நிறுத்தச் சொன்னேன்." மறுநாள் பக்கத்தில் இரண்டு வரிதான் இருக்கிறது. "குழந்தை காலையில் இறந்தது. மழை விடவில்லை."

ஓடுகிற வயிற்றுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது நான் தொழில் படித்த இடத்தில் சொல்லிக்கொடுத்தது. இருபது வருடமாக அதைத்தான் எல்லோருக்கும் சொல்லிவந்தேன். மேல் லயத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்த அந்தத் தாய் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் ஆயாவாக இருந்தாள். பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள். நான் சொன்னதை அப்படியே கேட்டாள். குழந்தை அழ அழ ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

அடுத்த கோடையில் குமுளிப் பள்ளிக்கூடம் ஒன்றில் பத்து நாள் பயிற்சி முகாம் வைத்தார்கள். சுற்றுவட்டாரத் தோட்டங்களின் டிஸ்பென்சரி ஆட்களும் ஆயாக்களும் கைப்பொம்மை செய்யவும் ஆட்டவும் கற்றுக்கொண்டு, லயம் லயமாகப் போய் சுகாதார நாடகம் போட வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் மேனேஜர் என்னையும் அந்த ஆயாவையும் அனுப்பினார். தினமும் காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புவோம்.

சொல்லிக்கொடுத்தவர் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த இளைஞர். என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. மலையாளத்தில் யோசித்துத் தமிழில் பேசுவார். முதல் நாள் பழைய செய்தித்தாள்களைக் கிழித்து ஊறப் போட்டோம். இரண்டாம் நாள் அதை உரலில் இடித்து, மைதாப் பசையும் பூச்சி வராமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தமும் சேர்த்துப் பிசைந்தோம். ஆட்காட்டி விரலைச் சுற்றி அட்டையை உருட்டி ஒட்டினால் அது கழுத்து. அதன் மேல் கூழை அப்பித் தலையாக்க வேண்டும். தலைக்கு ஆட்காட்டி விரல், ஒரு கைக்குக் கட்டைவிரல், மறு கைக்கு நடுவிரல். மருந்து அளந்து பழகிய கை என்பதால் நான் மூக்குக்கு இருபுறமும் நூல் பிடித்துப் பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

"சாரே, ரெண்டு பக்கமும் ஒரே போல இருந்தா முகத்துக்கு ஜீவன் இல்ல. கொறச்சு கோணணும்" என்றார் அவர். கொறச்சு என்றால் அவர் பேச்சில் கொஞ்சம்.

சக்குபள்ளத்து ஏலத்தோட்டத்திலிருந்து வந்த மருத்துவச்சி ஒருவர் எங்கள் மேசையில் இருந்தார். வாய் ஓயாதவர். "கம்பவுண்டரய்யா ஊசி போடுற கணக்குல மூக்கு வைக்கிறாக. விடுங்க தம்பி, அந்தப் பொம்மைக்குக் காச்சல் வந்தா அவுகளே பாத்துக்கிடுவாக" என்றார்.

என்னையும் ஆயாவையும் அவரையும் ஒரு குழுவாக்கினார்கள். ஆயாவுக்குக் குழந்தைப் பொம்மை. அவள் நூலும் பிடிக்கவில்லை, அளவும் பார்க்கவில்லை. ஒரு காலைப் பொழுதுக்குள் தலை முடிந்துவிட்டது. கடைசியில் உச்சியில் கட்டைவிரலை வைத்து ஒரு குழி அமுக்கினாள். பயிற்சியாளர் அந்த வழியே வந்தவர், கூழ் உள்வாங்கிவிட்டது என்று நினைத்து, ஒரு உருண்டை எடுத்துக் குழியை நிரப்பித் தடவிவிட்டுப் போனார். அவர் நகர்ந்ததும் அவள் மறுபடி அமுக்கினாள்.

பேதியில் நீர் வற்றும் குழந்தைக்கு உச்சிக்குழி உள்ளே விழும். அன்று டிஸ்பென்சரியில் அவள் குழந்தையை என்னிடம் நீட்டியபோது நான் அதைப் பார்த்தேன். டைரியில் எழுதவில்லை.

ஐந்தாம் நாள், பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். நாடகத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று விளக்குவதற்கு. எங்கள் கைகளில் மணிக்கட்டுவரை கூழ் இருந்தது. பேதி வந்த குழந்தைக்குத் தண்ணீரை நிறுத்தவே கூடாது, காய்ச்சி ஆறிய தண்ணீரில் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், நிறைய குழந்தைகள் பேதியால் அல்ல, தண்ணீர் வற்றித்தான் சாகின்றன என்றார்.

ஆயா எழுந்து நின்றாள். "நிறுத்தச் சொன்னா?"

"யார் சொன்னாலும் தப்புதான்மா."

அவள் உட்கார்ந்து கூழைப் பிசைந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. அன்று மாலை பஸ்ஸிலும் திரும்பவில்லை. எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்து, காய்ந்த கூழை நகத்தால் உரித்துக்கொண்டே வந்தாள். இறங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தேன். நான் செய்தது தவறு என்ற மூன்று சொற்கள்தான். லயத்தில் தெரிந்தால் யாரும் டிஸ்பென்சரிக்கு வர மாட்டார்கள் என்று ஒரு காரணம் மனத்தில் வந்தது. வேலை போய்விடும் என்று இன்னொன்று. எங்கள் நிறுத்தம் வந்தது. இறங்கினோம்.

கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நாடகத்தின் வசனத்தை என்னையே எழுதச் சொன்னார்கள். நான் எழுதினேன். குழந்தைக்குப் பேதி வருகிறது. பக்கத்து வீட்டுக் கிழவி வந்து, தண்ணீர் கொடுக்காதே என்கிறாள். குழந்தை மயங்கி விழுகிறது. நர்ஸ் வந்து உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் கொடுக்கிறாள். குழந்தை எழுந்து உட்காருகிறது. கிழவியை நான் ஆட்டுவது, நர்ஸை மருத்துவச்சி, குழந்தையை ஆயா. அம்மா வேடத்துக்குப் பொம்மை கிடையாது. கூட்டத்திலிருக்கிற ஒரு பெண்ணையே திரைக்கு முன்னால் கூப்பிட்டுக்கொள்வது என்பது பயிற்சியாளரின் யோசனை.

வசனத்தைப் படித்துக் காட்டினேன். ஆயா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தக் கெழவி யாருய்யா?" என்றாள்.

"சும்மா, கதைக்கு."

"நம்ம லயத்துல அப்பிடி ஒரு கெழவி இல்லியே."

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. விவரம் கேட்கிற குரலில்தான் கேட்டாள். நான் தாளை மடித்தேன். அன்றைய டைரியில் "வசனம் முடிந்தது" என்று மட்டும் இருக்கிறது.

எட்டாம் நாள் ஒத்திகை. குழந்தை மயங்கி விழும் இடம் வந்தது. கைப்பொம்மையில் மயக்கம் காட்ட ஒரு வழிதான் உண்டு. உள்ளே இருக்கும் கையைச் சட்டென்று உருவிவிட வேண்டும். உயிர் போனது போல அது சரிந்துவிடும். பயிற்சியாளர் பின்னாலிருந்து, "சேச்சி, கை விடு" என்றார். அவர் பேச்சில் அதற்குக் கையை எடுத்துவிடு என்று பொருள். அவளோ சட்டைக்குள் கை விடுவதுபோல இன்னும் உள்ளே நுழைத்தாள். பொம்மை விறைப்பாக நிமிர்ந்தது.

"அய்யோ, கை விடு, சேச்சி, கை விடு!"

அவர் கத்தக் கத்த அவள் முழங்கைவரை விட்டாள். பொம்மை திரைக்கு மேலே முழு உயரத்துக்கு எழுந்து நின்றது.

"ஏ ஆத்தா! விழச் சொன்னா இது பள்ளிக்கூடத்துக்குக் கெளம்புதே!" என்றார் மருத்துவச்சி. பள்ளிக்கூடமே சிரித்தது. பயிற்சியாளரும் சிரித்தார். ஆயா பொம்மையைக் கையிலிருந்து கழற்றாமலே வெளியே போய் வராந்தா ஓரம் நின்றாள். "என்னாச்சு அந்தப் புள்ளைக்கு?" என்று மருத்துவச்சி என்னைக் கேட்டார். போன வருடம் அவள் குழந்தை இறந்ததைச் சொன்னேன். எப்படி இறந்தது என்று சொல்லவில்லை. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கடைக்குப் போய் ஒரு கிளாஸ் டீ வாங்கிவந்து, அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்.

நான் அவளிடம் போய், அவர் ஊர்ப் பேச்சில் விடு என்றால் எடுத்துவிடு என்று பொருள் என்று விளக்கினேன்.

"நம்ம பேச்சுலயும் ரெண்டுந்தானய்யா" என்றாள். "சட்டைக்குள்ளயும் கைய விடுதோம். புள்ளையோட கையையும் விட்டுருதோம்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "டீ ஆறுது" என்றுதான் சொன்னேன்.

முகாம் முடிந்ததும் முதல் நாடகம் எங்கள் தோட்டத்திலேயே, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நடந்தது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் இரண்டு மூங்கில் நட்டு, குறுக்கே போர்வை கட்டினோம். வேலை இல்லாத நாள் என்பதால் மேல் லயமும் கீழ் லயமும் முழுக்க வந்துவிட்டன. நான் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது கிழவிப் பொம்மையையும் எடுத்துக்கொண்டு போனேன். பஞ்சு முடியைப் பிய்த்து எடுத்தேன். புடவையைக் கழற்றி வெள்ளைத் துணியில் சட்டை தைத்துப் போட்டேன். மீசை வரைந்தேன். பியூஸ் கம்பியை வளைத்து மூக்குக் கண்ணாடி ஒன்று செய்து மாட்டினேன். அது நேராக நிற்கவில்லை.

போர்வைக்குப் பின்னால் நான் அதைப் பையிலிருந்து எடுத்தேன். ஆயா பொம்மையை வாங்கிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"கெழவிய எடுத்துட்டேன்" என்றேன்.

"கண்ணாடி சாஞ்சிருக்கு."

"சரி பண்ணணுமா?"

"வேண்டாம். ஒங்களுக்கும் அப்பிடித்தான இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள்.

பொம்மை திரைக்கு மேலே வந்ததும் பிள்ளைகள் கூவினார்கள். "ஏலே, நம்ம கம்பவுண்டருலே!" பெரியவர்களும் சிரித்தார்கள். என் பொம்மை குழந்தையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தது. பிறகு, அம்மாவாகத் திரைக்கு முன்னால் நின்ற கீழ் லயத்துப் பெண்ணிடம், "தண்ணி குடுக்காத. பால் குடுக்காத. வயித்துக்கு ஓய்வு குடு" என்றது. நான் குரலை மாற்றவில்லை. டிஸ்பென்சரி ஜன்னலில் சொல்கிற அதே குரல். சிரிப்பு முன்வரிசையிலிருந்து பின்வரிசைவரை கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. அந்தச் சொற்களை என்னிடம் கேட்டிராத வீடு அங்கே அநேகமாக இல்லை.

"சேச்சி, கை விடு" என்று பயிற்சியாளர் மெதுவாகச் சொன்னார். அவளுக்கு இப்போது பொருள் தெரியும். ஆனாலும் சற்று நேரம் கையை எடுக்கவில்லை. பொம்மையின் தலை லேசாக ஆடியபடி இருந்தது. பிறகு கையை உருவினாள். குழந்தை திரையின் விளிம்பில் மடிந்து தொங்கியது.

நர்ஸ் பொம்மை வந்தது. உப்பும் சர்க்கரையும் கரைத்தது. குழந்தையின் வாயருகே டம்ளரைக் கொண்டுபோனது. குழந்தை எழுந்திருக்கவில்லை. மருத்துவச்சி வசனத்தை மறுபடி சொன்னார். அதற்கும் எழவில்லை. ஆயா வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கைய விடும்மா" என்றேன் அவள் காதருகே.

"மொதல்ல நீங்க சொல்லுங்க" என்றாள்.

எதை என்று நான் கேட்கவில்லை. அந்தப் பக்கம் கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தது. என் பொம்மையைத் திரைக்கு மேலே தூக்கினேன். "நான் சொன்னது தப்பு" என்றேன். போதவில்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது. பொம்மையை இறக்கிவிட்டு, எழுந்து நின்றேன். போர்வைக்கு மேலே என் தலை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். "போன ஆடியில நம்ம ஆயாகிட்ட, அவ புள்ளைக்குத் தண்ணிய நிறுத்தச் சொன்னது நான். அவ என் பேச்சக் கேட்டா. தப்பு என்மேல. அவமேல இல்ல" என்றேன்.

உட்கார்ந்தபோது அவள் கை பொம்மைக்குள் போயிருந்தது. குழந்தை எழுந்து டம்ளருக்கு நேராக வாயைக் கொண்டுபோனது. யாரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் மட்டும், "எத்தன சிட்டிகை உப்பு?" என்று உரக்கக் கேட்டாள். மருத்துவச்சி நர்ஸ் பொம்மையின் இரண்டு கைகளாலும் ஒரு சிட்டிகை எடுத்துக் காட்டினார்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். வேலை போகவில்லை. சில வீடுகள் சில மாதம் டிஸ்பென்சரிக்கு வராமல் இருந்தன. அவர்கள் வராதது நியாயம் என்று டைரியில் எழுதியிருக்கிறேன். பழைய பக்கத்தை அடிக்கவில்லை. அதன் கீழே, விட்டுப்போன வரியைச் சேர்த்தேன். "உச்சிக்குழி விழுந்திருந்தது. பார்த்தேன்."

அந்த நாடகத்தை அதன்பின் பல தோட்டங்களில் போட்டோம். காந்தலூர் வரைக்கும் போனோம். அங்கெல்லாம் எங்களை யாருக்கும் தெரியாது. நான் எழுந்து நின்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று பயிற்சியாளர் சொன்னார். வசனத் தாளிலும் அது கிடையாது. ஆனால் ஒவ்வொரு இடத்திலும், டம்ளர் வந்து நின்ற பிறகு, ஆயா வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள். நான் எழுந்து நின்று முழுக்கச் சொல்லி முடிப்பேன். அதன் பிறகுதான் கையை விடுவாள்.