எதிர்க்கடைக்குப் போன போணி

நான்கு வருடம் இருக்கும். தூத்துக்குடி திரேஸ்புரத்தில், மீன் ஏலம் நடக்கும் கரைக்குப் போகிற தெருவில் எனக்கு ஒரு பலசரக்குக் கடை. இன்றும் அதே கடைதான். நேர் எதிரே இன்னொரு பலசரக்குக் கடை. அந்தக் கடைக்காரரை எனக்கு ஆகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் விற்கும் மிளகாய்த்தூளில் காரமும் கிடையாது, அவர் முகத்தில் சிரிப்பும் கிடையாது.

என்னிடம் இருப்பதில் அவரிடம் இல்லாதது ஒன்றே ஒன்று, மீன்கார அக்கா. என் கடையின் தகரக் கூரை தெருவுக்குள் கொஞ்சம் நீண்டிருக்கும். அந்த நிழலில் அலுமினியச் சட்டியை வைத்து அவர் மீன் விற்பார். காலை ஆறு மணிக்கு, ஏலத்துக்குப் போகும் முன் என்னிடம் வெற்றிலை பாக்கு வாங்குவார். அன்றைய முதல் விற்பனை, அதாவது போணி, அவர் கையால்தான். அப்போதே பத்து வருடமாக அப்படித்தான். அந்தக் கைராசியில் எனக்கு அத்தனை நம்பிக்கை. அவருக்கு முன்னால் யாராவது வந்து நின்றால், கொஞ்சம் பொறுங்கள் என்று நிறுத்தி வைப்பேன். எதிர்க்கடைக்காரர் இதைப் பார்த்துக்கொண்டேதான் ஊதுவத்தி கொளுத்துவார். அவருக்கு வயிறு எரியட்டும் என்றே நான் "வாங்கக்கா" என்று சத்தமாகக் கூப்பிடுவேன்.

ஒரு நாள் ஓர் அதிகாரி வந்தார். பெரிய மனிதர் ஒருவர் அந்த வழியாக வரப்போகிறாராம், தெருவோரம் மீன்காரர்கள் இருக்கக் கூடாதாம். அவர்களால் எங்கள் வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்று கடைக்காரர்களே எழுதிக் கொடுப்பது மாதிரி ஒரு தாள் அச்சடித்துத் தயாராக வந்திருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நான் தயங்கியதும் அவர் என் கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுவும் ரோட்டுலதான இருக்கு அண்ணாச்சி?"

அவ்வளவுதான் சொன்னார். பேனாவை நானே எடுத்துக்கொண்டேன். அந்தத் தாளுக்குப் போணி பண்ணியது நான்தான்.

அடுத்து எதிர்க்கடை. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தாளை இரண்டு தடவை வாசித்தார். "எனக்கு யாரும் இடைஞ்சல் இல்ல சார். இல்லாதத எப்படி எழுதித் தர?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். குரலைக்கூட உயர்த்தவில்லை. பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மறுநாளே, தெருவுக்குள் நீண்டிருந்த அவர் கடையின் முன்கூரையைப் பிரித்துப் போட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

அன்றைக்கே அக்காவையும் எழுப்பினார்கள். நாங்க எங்க போறது என்று கேட்டவரிடம் அந்தத் தாளைக் காட்டினார்கள். நான் பருப்பு மூட்டையைப் பிரிக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். அப்போது எதிர்க்கடையிலிருந்து குரல் வந்தது.

"ஏளா, சட்டியத் தூக்கிட்டு இங்கன வா. என் கடை வாசல் பட்டா எடம். இங்கன யாரு வந்து எழுப்புதான்னு பாப்போம்."

யாரும் எழுப்பவில்லை. இரண்டு நாள் கழித்து அந்தப் பெரிய மனிதர் வந்தார். கார்க் கண்ணாடியைக்கூட இறக்காமல் போய்விட்டார்.

அக்கா வாசல் மாறிய மறுநாள் காலை, வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்து வைத்துக் காத்திருந்தேன். அவர் வந்தார். என் கடைப் பக்கம் திரும்பாமல் எதிர்க்கடைக்குப் போய் வெற்றிலை பாக்கு வாங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் போணி அது, என் கண் முன்னால் அவர் கல்லாவில் விழுகிறது. நாளைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று வந்தவர்களை எல்லாம் காக்க வைத்ததில், காலை வாடிக்கையும் தெருவைத் தாண்டிப் போனது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து, வெட்கத்தை விட்டு வழியில் நிறுத்திக் கேட்டேன்.

"ஏன்க்கா, நம்ம கடையில வெத்தல இல்லையா?"

அவர் கோபப்படவில்லை. "இருக்கு அண்ணாச்சி. ஆனா நான் இடைஞ்சலுன்னு நீங்கதான எழுதிக் குடுத்திய. இடைஞ்சல் பண்ணுத கையால போணி பண்ணலாமா?"

"அதிகாரி வந்து சொல்லுதாரு. நான் என்ன செய்ய முடியும்?"

"அவுகளுக்கும் அதே அதிகாரிதான சொன்னாரு" என்று எதிர்க்கடையைக் காட்டிவிட்டு ஏலத்துக்கு நடந்தார்.

எதிர்க்கடைக்கு இன்றும் முன்கூரை கிடையாது. அக்கா ஒரு பெரிய குடையைக் கட்டிக்கொண்டு அந்த வாசலில் மீன் விற்கிறார். அந்த மனுஷர் இப்போது சிரிக்கவும் செய்கிறார். போணி போன பொறாமை எனக்கு ஒரு வருடத்தில் ஆறிவிட்டது. ஆனால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவரால் அப்படி மறுக்க முடிந்ததே, அந்தப் பொறாமை மட்டும் ஆறவில்லை. என் கூரையில் ஒரு கீறல் இல்லை, வெயில் ஏறினால் அதன் நிழல் நன்றாகத்தான் விழுகிறது; நான் எதற்குப் பயந்து எதைக் காப்பாற்றினேன் என்பதை, ஆளில்லாத அந்த நிழல் தினமும் எனக்குக் காட்டிக்கொண்டே இருக்கிறது.