பெரியப்பா கட்டிய வேப்பிலை

வாசலில் வேப்பிலைக் கொத்தைப் பார்த்தால் மற்றவர்களுக்குப் பக்தி வரும். எனக்குப் பெரியப்பாவின் ஞாபகம் வரும், கூடவே பற்றிக்கொண்டு வரும். செஞ்சியில் எங்கள் வீட்டு நிலைப்படியில் அவர் அதைக் கட்டிய காலையில், பத்து வயதுத் தங்கை காய்ச்சலோடு படுத்திருந்தாள். உடம்பெல்லாம் கொப்புளம்.

அவளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைவு. தினமும் ஊசி போட்டால்தான் கிருமிகளைத் தாக்குப்பிடிப்பாள். இப்படிப் பிறக்கும் பிள்ளைகளில் சிலருக்குப் பின்னால் ரத்தப் புற்றுநோய் வரலாம், அதனால் வருஷா வருஷம் எலும்பு மஜ்ஜையைப் பரிசோதிக்க வேண்டும் என்று பாண்டிச்சேரி டாக்டரம்மா சொல்லியிருந்தார். தொடக்கத்திலேயே தெரிந்தால் என் மஜ்ஜையை அவளுக்கு வைக்கலாம், பொருந்தியும் இருந்தது. நைனாவோடு வந்திருந்த பெரியப்பாவும் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அந்த வாரம்தான் பரிசோதனை. "புள்ளைக்கு அம்மா வாத்துருக்குது. ஊசி கீசின்னு எவனாவது பேசுனீங்க, தெரியும் சேதி. தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாது" என்றார் பெரியப்பா. அம்மை கண்ட வீட்டில் மருந்து ஆகாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இது அம்மையே இல்லை, வெள்ளை அணு இல்லாததால் கிளம்பிய சீழ்க்கட்டி என்று கத்தினேன். "படிச்ச திமிரு" என்றார். அண்ணன் பேச்சைத் தட்டத் தெரியாத நைனா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவரையும் நான் மன்னிக்கவில்லை.

மஞ்சள் தண்ணீர் ஊற்றியும் காய்ச்சல் விடவில்லை. பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். புற்றுநோய் முற்றியிருந்தது, நுரையீரலிலும் கிருமி. மஜ்ஜை வைக்க அவள் உடம்பு இடம் கொடுக்கவில்லை. முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, வாய்ப்பு இருந்தது என்றார் டாக்டரம்மா. துக்கம் கேட்க வந்தவர்களிடம் பெரியப்பா, "ஆத்தா கூப்ட்டுக்கினா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாவி.

போன மாதம் என் வீட்டுக்கு வந்தார். மகனுக்குச் சொந்தத்திலேயே பெண் எடுத்திருந்தார். பேத்திக்கும் அதே குறை. எந்த டாக்டர், எந்த ஊசி, மஜ்ஜையை எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்டார். குழந்தை என்ன செய்யும், எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை.

"பேத்திக்குக் கொப்புளம் வந்தா இன்னா பண்ணுவீங்க?"

"அட, ஒடனே தூக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடிடுவேம்மா!" யோசிக்கவே இல்லை.

"அவ தம்பி பொண்ணு, இவ உங்க பேத்தி. அதான?"

பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டார்.