ஹாலோமியர் திறக்கும் நாள்

பிரியங்காவுக்கு அன்றைக்கு வயிற்றிலிருந்த பிள்ளை ஒரு பக்கம் உதைத்தது, ஹாலோமியர் இன்னொரு பக்கம் உதைத்தது. ஆறு வருடமாக அவள் காத்திருந்த அந்தக் கம்ப்யூட்டர் கேம் அன்று அதிகாலையில்தான் வெளியாகியிருந்தது. மறுநாள் காலையோ, அவள் சத்தியவேட்டை விட்டுக் குப்பம் ஊரிலிருக்கும் தாய்வீட்டுக்குப் போயாக வேண்டும். வளைகாப்பு முடிந்து மூன்றாம் நாள், நல்ல நேரம் பார்த்து அம்மா பொன்னியம்மா குறித்த பயணம். அதைக் கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது. ஆக, கையில் இருப்பது ஒரே ஒரு சாயங்காலம்.

ஸ்ரீசிட்டி தொழிற்சாலையில் நாளெல்லாம் நின்றே வேலை பார்த்தவள் அவள். வீட்டுக்கு வந்து பழைய கேம்களில் குதிரையேறி ஊர் ஊராகச் சுற்றும் அந்த ஒரு மணி நேரம்தான் அவளுடையது. பிள்ளை வந்த பிறகு அது யாருக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். நினைத்தாலே பயமாக இருந்தது. இதற்குப் போய்ப் பயப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அந்தப் பயத்துக்குத் தீனி போட கேம் ரசிகர்களின் டெலிகிராம் குழு வேறு. தண்ணீரில் விழும் வெளிச்சம், சுவரில் நகரும் நிழல் எல்லாவற்றையும் கிராபிக்ஸ் கார்டே அந்தந்த நொடியில் கணக்குப் போட்டு வரையுமாம், பழைய கார்டு திணறிவிடுமாம். போதாக்குறைக்குத் திருட்டுப் பிரதியைத் தடுக்கும் பூட்டு. வாங்கிய கேம் ஒரு நாளில் ஐந்து கம்ப்யூட்டரில்தான் திறக்கும், ஆறாவதில் திறந்தால் இருபத்துநாலு மணி நேரம் கதவடைப்பு. காசு கொடுத்து வாங்கினவனைத்தான் திருடனாகப் பார்க்கிறார்கள் என்று குழுவில் ஒரே புகைச்சல். அந்த ஒன்றுக்கு மட்டும் பிரியங்கா கவலைப்படவில்லை. அவளிடம் இருப்பதே ஒரு கம்ப்யூட்டர்.

சத்தியவேட்டு நெட்டில் அவ்வளவு பெரிய கேம் இறங்க மூன்று நாளாகும். அதனால் கணவன் சந்திரசேகர் ஹார்ட் டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு, அவள் கேம் வாங்கிய கணக்கின் பாஸ்வேர்டோடு முதல் பஸ்ஸில் திருப்பதிக்குப் போனான். அங்கே நண்பன் யஸ்வந்த் கேமிங் சென்டர் நடத்துகிறான். சந்திரசேகருக்குக் கேம் பற்றி ஒன்றும் தெரியாது. பெண்டாட்டி முகம் மட்டும் தெரியும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஹார்ட் டிஸ்க்கோடு ஓர் அட்டைப்பெட்டியும் வந்தது. புதுக் கிராபிக்ஸ் கார்டு. யஸ்வந்த் போனில் சொல்லச் சொல்ல சந்திரசேகரே பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினான். பிரியங்கா கேமைத் திறந்தாள். இன்றைக்கு ஐந்து கம்ப்யூட்டரில் திறந்தாகிவிட்டது, நாளை முயலவும் என்று திரை சொன்னது.

"சென்டர்ல எத்தினில தொறந்து பாத்த மாமா?"

"அஞ்சுல. அஞ்சும் அஞ்சு வித கார்டு. எதுல உன் கேம் நல்லா தெரியுதுன்னு பாத்துட்டுதானே வாங்கினு வந்தேன்."

கடைக் கூட்டத்தில் யஸ்வந்தும் கவனிக்கவில்லையாம். அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆறு வருடம் காத்தவள் பார்க்காத தொடக்கத்தை, கேமே தெரியாத மனுஷன் ஒரே மத்தியானத்தில் ஐந்து தடவை பார்த்துவிட்டு வந்திருக்கிறான். பூட்டைப் பற்றி விளக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அவன் முகம் செத்துப்போனது.

அவன் ஒயர்களைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்ற ஆரம்பித்தான். தாய்வீட்டுக்குப் போகும் பெண்ணோடு வளையலும் பலகாரமும் போய்ப் பார்த்திருக்கிறோம், கம்ப்யூட்டர் போய்ப் பார்த்ததில்லை.

"குப்பத்துக்கு நானே தூக்கினு வரேன். நாளைக்கி சாயங்காலம் அங்க தொறக்கும்ல?"

கார்டு மாறிய கம்ப்யூட்டரை, புது ஊர் நெட்டை, அந்தப் பூட்டு எப்படி எடுத்துக்கொள்ளும் என்று குழுவில் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவன் முடிச்சுப் போட்டுக்கொண்டே அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"தொறக்கும் மாமா" என்றாள் பிரியங்கா.