சிவப்புதான் முதலில் தீர்ந்தது

ஒரு நாளை எப்படித் திட்டமிடுவது என்று போனில் பார்க்கும் வீடியோவில் ஒருவர் பேசுவார். காலையில் ஐந்து மணிக்கு எழுந்திரு, முக்கியமான மூன்று வேலைகளை எழுதி வை, முடிந்தது சோலி என்பார். அவருக்கு வாராவாரம் ஷிப்ட் மாறாது. எட்டுப் பேருக்கு ஒரு குளியலறை என்ற நிலையும் இருக்காது. அந்த மனுஷனை ஒரு வாரம் எங்கள் பென்னலூர் ஹாஸ்டலில் கொண்டுவந்து போட வேண்டும்.

எனக்கு டிப்ளமோவில் ஒரே ஒரு பேப்பர் பாக்கி. கணக்கு. மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் போச்சு. அதை முடித்துவிட்டால் ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் பீஸ் போடும் லைனை விட்டு குவாலிட்டி பக்கம் போகலாம். முடிக்காவிட்டால் ஊருக்குப் போகலாம். அப்பா அதில் தெளிவாக இருந்தார். "அந்த ஊரு ஒனக்கு ஒத்து வரல. இந்தத் தடவயும் போச்சுன்னா பெட்டியக் கட்டிக்கிட்டு வந்துரு" என்று சொல்லிவிட்டார். தென்காசிப் பக்கம் பெட்டியோடு போய் இறங்கினால் அடுத்த மாதமே பெண் பார்க்க ஆள் வந்துவிடும். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால்தான் போர்டு போட்டேன். எங்கள் லைன் முனையில் ஒரு போர்டு உண்டு. மணிக்கு ஒரு வரி, வரிக்கு மூன்று கட்டம்: பிளான், ஆக்சுவல், ரீசன். அறுபது பீஸ் போட வேண்டிய நேரத்தில் ஐம்பத்திரண்டு போட்டால், எட்டு ஏன் குறைந்தது என்று மூன்றாவது கட்டத்தில் எழுத வேண்டும். குறைந்த எட்டு அடுத்த மணி நேரத்தின் தலையில் ஏறும். சேர்ந்த புதிதில் நான் அந்தக் கட்டத்தில் உள்ளதை உள்ளபடி, 'ஆபரேட்டர் ஸ்லோ' என்று எழுதிவிட்டேன். சூப்பர்வைசர் ஓடிவந்து அழித்தார். "ஆளு மேல எழுதாதம்மா, மேல கேள்வி கேப்பாங்க. மெஷின், மெட்டீரியல்னு எதுனா எழுது" என்றார். படிப்பு ஏறாத மண்டையில் அது மட்டும் ஒரே தடவையில் ஏறியது.

சார்ட் பேப்பரும் மூன்று ஸ்கெட்ச் பேனாவும் வாங்கினேன். பச்சையில் பிளான், நீலத்தில் ஆக்சுவல், சிவப்பில் ரீசன். கோடு போடவே ஒரு ஞாயிறு போய்விட்டது. கட்டிலுக்கு மேலே ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். பாஸ் ஆனது போலவே இருந்தது.

திங்கட்கிழமை பிளான் இரண்டு மணி நேரம், ஆக்சுவல் இருபது நிமிடம், ரீசன் பஸ் லேட். செவ்வாய்க்கிழமை தண்ணீர் வரவில்லை. புதன்கிழமை ஓவர்டைம். வியாழக்கிழமை ரூம்மேட் போன் பேச்சு. லைன் வழக்கப்படி, குறைந்ததையெல்லாம் அடுத்த நாளின் தலையில் ஏற்றிக்கொண்டே போனேன். சனிக்கிழமை கூட்டிப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமைக்கென்று போட்டிருந்த ஆறு மணி நேரத்தோடு சேர்ந்து பதினேழு மணி நேரம் வந்து நின்றது.

ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்ளும் அக்கா உள்ளூர்க்காரர். பக்கெட் தேடி வந்தவர் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னா பாப்பா, கம்பெனி போர்டக் கொண்டாந்து ஒட்டிக்கினு கீற? பதினேழு அவரா? சோறு துன்னுவியா மாட்டியா?"

"கவர் பண்ணிருவேன்க்கா."

"கிழிச்ச. மொதல்ல அந்த பக்கெட்ட எடு, வழியில கீது."

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வரை தூங்கினேன். ரீசன்: உடம்பு சரியில்லை.

என் ரூம்மேட் பரமக்குடிப் பெண். அதே லைனில்தான் அவளுக்கும் வேலை. தன் போன் பேச்சு சுவரில் ஏறியதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் பேசுனது பத்து நிமிசம். அப்பறம் ஒரு மணி நேரம் ஸ்கேல வச்சு கோடு போட்டுக்கிட்டு இருந்தியே, அதுக்கு யாரு ரீசன்?" என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அதையும் எழுதினேன்: ரூம்மேட்டோடு சண்டை, மனசு சரியில்லை.

ஷிப்ட் மாறும்போதெல்லாம் புது சார்ட், புது கோடு. மூன்று பேனாக்களில் சிவப்புதான் முதலில் தீர்ந்தது. சிவப்பு மட்டும் தனியாக வேண்டும் என்று ஸ்ரீபெரும்புதூர் பஜாரில் கடைகடையாக ஏறி இறங்கியதில் ஒரு சாயங்காலம் போனது. வந்து புதுப் பேனாவில் முதலில் எழுதியது, 'பேனா வாங்கப் போனது'. எனக்கே என்னை நாலு அறை விடலாம் போல இருந்தது. ஆனாலும் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்வார். படிப்பு எப்படி என்று கேட்டதும் நான் சுவரைப் பார்த்து வாசிப்பேன். பஸ் நேரத்துக்கு வரலப்பா, தண்ணி வரலப்பா, ரூம்ல ஒரே சத்தம்ப்பா. அவர் "ம்" என்பார். வாராவாரம் அந்த "ம்" கனத்துக்கொண்டே போனதை நான் கவனிக்கவில்லை. பாவம் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

ஊருக்குப் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்தேன். ரிசல்ட் வந்த காலையில் ரூம்மேட் பக்கத்துக் கட்டிலில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாலாவது தடவையும் போச்சு. போனைக் கீழே வைப்பதற்குள் அப்பாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"என்னட்டி ஆச்சு?"

"போச்சுப்பா."

"ஏன்?"

தலையைத் தூக்கினேன். சுவர் முழுக்கச் சிவப்பு. மூன்று மாதக் காரணங்கள், எதை வேண்டுமானாலும் எடுத்து வாசிக்கலாம். பஸ் என்று வாயெடுத்தேன். ரூம்மேட் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. அவள் முன்னால் அதை வாசிக்க முடியவில்லை.

"நாந்தான் படிக்கலப்பா."

பெட்டியைக் கட்டு என்பார் என்று காத்திருந்தேன்.

"படிக்கலையா?"

"கோடு போட்டேன். படிக்கல."

"பஸ்ஸு நேரத்துக்கு வராதுன்னியே?"

"என்னைக்காவதுதான் லேட்டாவும். வருது."

"தண்ணி?"

"வருதுப்பா."

"ஊரு ஒத்து வரலன்னுல்லா நான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார் அப்பா. பிறகு குரல் ஏறியது. "ஊருல ஒரு கொறையும் இல்லன்னா இங்க வந்து என்ன செய்யப் போற? அங்கனயே கெடந்து படி."

போனை வைத்துவிட்டார்.