லைன் நின்ற நேரத்தில் வந்த பச்சை

துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர் வரிசை வடசென்னை எர்ணாவூரில் நகராமல் நின்றால் ஊரே திட்டும். நான் மட்டும் உள்ளுக்குள் குதிப்பேன். என் வேலை அப்படி.

எங்கள் ஆய்வுக்கூடம் அந்தச் சாலையோரத்தில், முன்பு குடோனாக இருந்த கட்டடத்தில் இருக்கிறது. நகத்தளவு படிகச் சில்லு, அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய பாதை. அதில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரைச் செலுத்தினால், ஒளித்துகள்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து பச்சை ஒளியாக வெளியே வரும். இதை நம்புவதற்கு எனக்கே கொஞ்ச காலம் பிடித்தது. ஒளியைக் கொண்டுவரும் கண்ணாடி இழையின் நுனி அந்தப் பாதையின் வாயில் இம்மி பிசகாமல் நிற்க வேண்டும். கன்டெய்னர் ஏற்றிய ஒரு வண்டி வெளியே போனால் போதும், தரை அதிரும், இழை விலகும், பச்சை செத்துப்போகும். பசை போட்டு ஒட்டலாம்தான். அது இறுகும்வரை தரை சும்மா இருக்க வேண்டுமே.

அப்படிக் கோணலாக ஒட்டிக்கொண்டு வரிசையாகச் சில்லுகள் வீணாயின. மிச்சம் ஒன்றே ஒன்று. "இந்தத் தரையில இந்த வேலை நடக்காதும்மா. இதுவும் போச்சுன்னா மொத்த வேலையையும் பெங்களூர் லேப்காரங்ககிட்ட கொடுத்துடலாம்," என்றார் எங்கள் தலைவர். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் பேச்சைக் கேட்டு முகம் சுளிப்பவர்களைப் பார்த்துச் சலித்தவள். இப்போது எங்கள் தரையும் மட்டமா?

"இந்த வாரம் மட்டும் டைம் கொடுங்க சார்," என்றேன்.

என் தம்பி ட்ரெய்லர் ஓட்டுகிறான். அவன் பாதி வாழ்க்கை அந்த வரிசையில்தான் போகிறது. லைன் அசையாமல் நின்றால் போன் பண்ணச் சொல்லியிருந்தேன். என் நேரம், அந்த வாரம் பார்த்துப் போக்குவரத்து எண்ணெய் போட்டதுபோல் ஓடியது. வெள்ளிக்கிழமை காலைதான் கூப்பிட்டான்.

"அக்கா, முன்னாடி ஒரு வண்டி ஆக்ஸில் ஒடிஞ்சி நடுரோட்ல குந்திகினு கீது. எல்லாரும் இஞ்சின ஆஃப் பண்ட்டாங்க. நீ ஆரம்பி."

தரை செத்ததுபோல் கிடந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, இழையை நகர்த்தும் திருகைத் திருப்பினேன். சில்லின் மறுமுனையில் பச்சை எட்டிப் பார்த்தது. பிறகு கூசும்படி எரிந்தது. ஒரு சொட்டுப் பசை வைத்து, அதை இறுக்கும் புற ஊதா விளக்கைப் போட்டேன். இறுகிவிட்டது.

தம்பி வண்டியை வரிசையிலேயே விட்டுவிட்டு வந்து நின்றான். பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டுக் காட்டினேன்.

"இன்னாக்கா, இத்தினியோண்டு வெளிச்சத்துக்கா இம்மாம் அலப்பற?" என்றான். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

வெளியே ஹாரன்கள் அலறின. ஒடிந்த வண்டியை எடுத்துவிட்டார்கள், லைன் நகர்ந்தது. அவன் ஓடினான். சத்தம் கேட்டுத் தலைவர் உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றார். முதல் வண்டி போனது, அடுத்தது போனது. பச்சை அப்படியே இருந்தது. பின்னாலேயே தம்பி வந்தான். குறும்புக்காரன், வேண்டுமென்றே எங்கள் சுவரோரமாக, ஹாரனை அழுத்திக்கொண்டே போனான். ஜன்னல் கடகடத்தது, மேசையோரத்தில் என் டீ டம்ளர் நகர்ந்தது. பச்சை நகரவில்லை.

தலைவர் வெகுநேரம் பார்த்தார். "வேலை என்னாச்சுன்னு பெங்களூர்ல கேப்பாங்களேம்மா. என்ன சொல்லட்டும்?"

"எர்ணாவூர் தரையிலயே நிக்குது, வந்து பாத்துட்டுப் போங்கன்னு சொல்லுங்க சார்."